பெண்கள் பெட்டி

மதியம் மூன்று மணி தாண்டியிருக்கும். மே மாத வெயில். தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்காரணை ஏரிக்குப் பின்பக்கம், பழைய ரயில்வே மதிலை ஒட்டி ஒரு சாலை போகிறது... ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சீமைக்கருவேலம். வீடு கிடையாது. கடை கிடையாது. மதில் ஓரம் நல்ல நிழல் விழும். ஆனாலும் அங்கே ஒரு நாய்கூடப் படுப்பதில்லை.

அந்தச் சாலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. திரும்பிப் போகும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஆட்டோக்காரர் மதிலைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேதா, அந்த டார்ச்சை என் முகத்தில் அடிக்காதே. தரையில் வை. கரண்ட் வரும்போது வரட்டும். நாளைக்கு முகூர்த்தம் முடிந்ததும் பிள்ளைகளையெல்லாம் அந்தச் சாலையில் இருக்கிற ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று நீதானே சொன்னாய்? அதனால்தான் இதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்தில், அதுவும் மலையடிவாரத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? ஜோஸ்வின், கதவைச் சாத்திவிட்டு வா. பயமாக இருந்தால் நடுவில் படுத்துக்கொள்.

இது என் தோழி சுஜியின் அக்காவுக்கு நடந்தது. பெயர் கோகிலவாணி. இப்போது அவளும் குழந்தையும் வேலூரில் இருக்கிறார்கள். தாம்பரம் பக்கமே வருவதில்லை. இந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை, கவனித்தீர்களா?

கோகிலாவுக்கு அப்போது நாவலூரில் வேலை. சத்தமாகப் பேசமாட்டாள். ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை மனசில் வைத்துப் பூட்டிவிடுவாள். அன்றைக்கு ஆட்டோவில் கூட வந்தவள் அவள் நாத்தனார் ஜெயக்கொடி. புருஷனுக்கு அக்கா. முடிச்சூர்ப் பக்கம் சொந்த வீடு, வாடகைக்கு விட்ட கடைகள். அவள் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். இரண்டு பேருக்கும் ஆகாது. குழந்தை நேத்ராவை கிரெச்சில் விட்டுவிட்டு கோகிலா வேலைக்குப் போனதிலிருந்தே ஆகாது. அதற்கு முந்தின வாரம்கூட ஒரு வளைகாப்பில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயக்கொடி சொன்னாளாம், "அதுக்கு ஆபீஸ்தான் புள்ள. பெத்த புள்ள சும்மா" என்று. கோகிலா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

கோகிலாவின் கணவன் மோகன்ராஜ் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தான். லீவு நாளில் இரண்டு பேரும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்வந்தால் சரியாகிவிடும் என்று அவனுக்கு ஒரு யோசனை. அந்த மியூசியம் அப்போதுதான் திறந்திருந்தது. அக்கா அந்தக் காலத்தில் ரயிலில் கல்லூரிக்குப் போனவள், குழந்தைக்கும் ரயில் என்றால் உயிர். அவன் வீட்டிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டு இவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

ஆட்டோவில் வரும்போதே தொடங்கிவிட்டது.

"கிரெச்சுல வுட்டு வுட்டு புள்ள எப்டி எளச்சிப் போச்சி பாரு."

"வெயிட் கரெக்டா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க, அண்ணி."

"டாக்டருக்கு இன்னா தெரியும்?"

கோகிலா குழந்தையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மியூசியம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து ஷெட் அது. மீட்டர் கேஜ் என்ற குறுகிய தண்டவாளத்தில் வண்டி ஓடிய நாட்களில் ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கழுவிப் பழுதுபார்த்த இடம். பல வருஷம் பாழாகக் கிடந்ததை ஒரு டிரஸ்ட் எடுத்துச் சரிசெய்தது. செங்கல் வளைவுகளைச் சுரண்டிக் கழுவி, கூரைக்குப் புதுத் தகடு போட்டு, உள்ளே கை விளக்கு, சிக்னல் கம்பம், மூட்டை நிறுக்கும் இயந்திரம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே மஞ்சள் விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் கோகிலாவுக்கு, அழைக்காத வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்ததாம். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு இவளைப் பார்க்கிற மாதிரி. அங்கே இவர்களைத் தவிர ஒருவரும் இல்லை.

வாசலில் டிக்கெட் கொடுத்தவர் பெயர் லாசரஸ். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வரவேற்கிற முகமே இல்லை. குழந்தையைப் பார்த்ததும் முகம் இன்னும் சுருங்கியது.

"கொயந்தைய கையில புடிச்சிக்கோங்க. கடைசில ஒரு பெட்டி நிக்குது. வெளிய நின்னு பாருங்க. உள்ள ஏறக் கூடாது."

"எதுக்கு ஏறக் கூடாது? காசு குடுத்துத்தான வரோம்?" என்றாள் ஜெயக்கொடி.

"ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாதும்மா."

அவர் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கொஞ்ச நேரத்தில் டீ குடிக்கவோ எதற்கோ சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஷெட்டின் கடைசியில், உயரமான பிளாட்பாரத்தை ஒட்டி அந்தப் பெட்டி நின்றது. ஒரே ஒரு பெட்டி. பழைய எலக்ட்ரிக் ரயிலினுடையது. புதிதாக வண்ணம் அடித்து, மர இருக்கைகளுக்கு வார்னிஷ் பூசி, பளபளவென்று இருந்தது. ஜன்னலுக்கு மேலே பெரிய எழுத்தில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. வாசலுக்குக் குறுக்கே ஒரு சிவப்புச் சங்கிலி.

ஜெயக்கொடி அதன் முன்னால் போய் நின்றாள். அவள் முகம் மாறியதை கோகிலா பார்த்தாள்.

"இதுலதான்டி போவேன். டெய்லி. சைதாப்பேட்ட வரைக்கும். ஒரு கால் வெக்கத்தான் எடம் இருக்கும்... தொங்கினு போவோம்."

சொல்லிக்கொண்டே சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

"அண்ணி, ஏறக் கூடாதுன்னு சொன்னாரே."

"அவன் யாரு சொல்றதுக்கு? நான் ஏறாத வண்டியா? நேத்ரா, ஏறு கண்ணு. ஜன்னலாண்ட போய் உக்காரு. அத்த போட்டோ எடுக்குறேன்."

குழந்தையைத் தூக்கி உள்ளே விட்டாள். ஐந்து வயசு. குதித்துக்கொண்டு ஓடி, பெட்டியின் மறுகோடியில் ஜன்னலோரம் போய்விட்டது.

"நீயும் தொணைக்கு ஏறு. சும்மா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்காத."

கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

முதலில் வாசனை. வெளியே நின்றபோது பெயிண்ட் வாசனை மட்டும்தான் இருந்தது. வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்ததும்... அது இல்லை. தேங்காய் எண்ணெய். வாடிப்போன மல்லிகை. பவுடர் கரைந்த வியர்வை. எங்கோ ஒரு டிபன் பாக்ஸில் ஊசிப்போன எலுமிச்சை சாதம். மூடிக் கிடந்த பெட்டி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது அடி வைக்கும்போது யார் தோளோ இடித்தது. "சாரி" என்றாள். பழக்கம்தானே, வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

வெறும் மரப் பலகைகள். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. மேலே கம்பியில் கைப்பிடிகள் வரிசையாகத் தொங்கின. தலை சுற்றுகிறதோ என்று ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள். அது ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி.

"நேத்ரா... வா, போலாம்."

குழந்தை திரும்பவில்லை. ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கோகிலா அதை நோக்கி நடக்கப் பார்த்தாள். முடியவில்லை. முன்னால் ஒரு முதுகு. தொட்டால் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. பருத்திப் புடவை கட்டிய, வியர்த்து நனைந்த, ஒரு பெரிய முதுகு. இடதுபக்கம் ஒதுங்கினாள். அங்கே ஒரு முழங்கை விலாவில் இடித்தது. வலதுபக்கம் ஒரு கூடையின் விளிம்பு இடுப்பில் அழுத்தியது. பின்னாலிருந்து ஒரு தள்ளல். அவள் கால் தரையை விட்டு எழும்பியது...

உங்களுக்கெல்லாம் தெரியும் இல்லையா, காலை நேரத்து ரயில் எப்படி இருக்கும் என்று? கை ஒரு பக்கம், பை ஒரு பக்கம், மூச்சு விட இடமில்லாமல்? அப்படித்தான். அந்த நெரிசல் அப்படியே இருந்தது. ஆட்கள்தான் இல்லை.

கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு மூச்சு. வெற்றிலை வாடை. மிக மெதுவாக ஒரு பெண் குரல்.

"எறங்கு."

அப்புறம்தான் அந்த ஊக்கு. கூட்டத்தில் உரசுகிறவனைக் குத்த நாம் கையில் வைத்திருப்போமே சேஃப்டி பின், அது. இடுப்பில் சுருக்கென்று ஒரு குத்து. பிறகு முதுகில். பிறகு மேல்கையில். ஒரு ஊக்கு இல்லை... எல்லாப் பக்கத்திலிருந்தும். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் இவளைப் பிடிக்கவில்லை.

வலியைப் பொறுத்துக்கொண்டு அவள் குழந்தையை மட்டும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது.

நேத்ரா இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை.

உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனால் பலகையின் மேல் இல்லை. பலகைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி வழியாக வெயில் பலகையில் விழுந்தது. குழந்தையின் கால்கள் தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. கூட்டமான ரயிலில் யாராவது ஒரு அம்மா, "கொயந்தைய இப்டி குடும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வாளே... அந்த உயரத்தில் அவள் இருந்தாள். நெற்றியில் விழுந்த முடி தானாக மேலே போய் காதுக்குப் பின்னால் ஒதுங்கியது.

குழந்தை சிரித்தது. யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே ஜெயக்கொடி போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். காலியான பெட்டிக்கு நடுவில் கோகிலா வளைந்து நெளிந்து நிற்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது.

"இன்னாடி இது, டான்ஸ் ஆடினு கீற? நேரா நில்லு."

கோகிலா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஜெயக்கொடியின் சிரிப்பு நின்றது. கோகிலாவின் துப்பட்டா தோளிலிருந்து பின்பக்கமாக இழுபட்டு, விறைப்பாக, காற்றில் நின்றது. அதன் மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை.

அப்போது மணி அடித்தது.

டிங்... டிங்.

பழைய எலக்ட்ரிக் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை மணி அடித்தால் வண்டி கிளம்புகிறது. கீழே எங்கிருந்தோ மோட்டார் முனகத் தொடங்கியது. ஊ... ஊ... என்று ஒரே சுருதியில் ஏறிக்கொண்டே போனது. கைப்பிடிகள் அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஜன்னலுக்கு வெளியே இருந்த செங்கல் தூண் மெல்லப் பின்னால் நகர்ந்ததைக் கோகிலா தன் கண்ணால் பார்த்தாள். குழந்தை அவள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டியது.

"அம்மா, டாட்டா!"

ஜெயக்கொடிக்கு வண்டி நகர்வது தெரியவில்லை. அவள் பார்வைக்குப் பெட்டி அப்படியே நின்றிருந்தது. ஆனால் மணி கேட்டது. எத்தனையோ வருஷம் அந்த மணிக்கு ஓடிய கால் அது. போனைக் கீழே போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே தாவலில் பெட்டிக்குள் ஏறிவிட்டாள்.

ஏறியதும் அவளுக்கும் புரிந்தது. கோகிலா மாதிரி அவள் திகைத்து நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சண்டை.

"ஏய்! வழி வுடுங்கடி! கொயந்த கீது, கண்ணு தெரியல? யாருடி அது குத்துறது? கைய ஒடச்சிடுவேன்!"

முழங்கையால் இடித்தாள். தலையைக் குனிந்து முட்டினாள். அவள் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலேயே நொறுங்கி ரத்தம் வழிந்தது. ரவிக்கைக் கை கிழிந்தது. கோகிலாவின் கையை எட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். கொஞ்சம் நகர்ந்தார்கள், அதைவிட அதிகமாகப் பின்னால் தள்ளப்பட்டார்கள். மோட்டார் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. கோகிலாவின் கண்ணுக்கு வெளியே மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஷெட் முடிந்து, இருட்டு வந்துகொண்டிருந்தது. மதிய வேளையில் இருட்டு...

"அண்ணி, பாப்பா... பாப்பா..." என்பதற்கு மேல் கோகிலாவுக்கு வரவில்லை.

ஜெயக்கொடி நின்றாள். தள்ளுவதை நிறுத்தினாள். மூச்சை இழுத்து, அந்தப் பெட்டி அதிர ஒரு கத்தல் கத்தினாள்.

"தாம்பரம்! தாம்பரம் வந்துடுச்சி! வண்டி இதோட நிக்குது! எல்லாம் எறங்கு, எல்லாம் எறங்கு!"

மோட்டார் சத்தம் அறுந்த மாதிரி நின்றது.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கூட்டம் திரும்பியது. அத்தனை உடம்பும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பியதை அவர்கள் தங்கள் தோளில், முதுகில் உணர்ந்தார்கள். பலகைத் தரையில் செருப்புச் சத்தம். சரசரவென்று புடவைகள். வாசல் வழியாக வெளியே, பிளாட்பாரத்துக்கு, ஏரி மடை திறந்த மாதிரி... கோகிலாவும் ஜெயக்கொடியும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக, குழந்தையை யாரோ பத்திரமாகத் தூக்கிப் பலகையில் உட்காரவைத்தார்கள். பாவாடையைக்கூட இழுத்துச் சரிசெய்தார்கள்.

அதற்குப் பிறகு வெறும் பெயிண்ட் வாசனை.

கோகிலா ஓடிப்போய்க் குழந்தையை அள்ளிக்கொண்டாள். இறங்கும்போது எதிரில் லாசரஸ் நின்றுகொண்டிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. தரையில் கிடந்த சிவப்புச் சங்கிலியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தார்கள். திட்டவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தார். பிறகு காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

"சத்தமே இல்ல," என்றார். "காலியா கீது."

இவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பு. போய் மேஜை மேலிருந்த தன் பையை எடுத்தார். சாவிக்கொத்தைப் பூட்டிலேயே தொங்க விட்டுவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த வேலைக்கு வரவில்லை என்று சுஜி சொன்னாள்.

வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. அந்த நீளச் சாலையில் ஆட்டோ ஏது? நடந்தார்கள். குழந்தை கோகிலாவின் தோளில். ஜெயக்கொடி மணிக்கட்டில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கோகிலாவுக்குக் கேட்டது. பின்னால் செருப்புச் சத்தம். ஒன்று இரண்டு இல்லை. சாயங்காலம் ரயில் வந்து நின்றால் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சத்தம் வருமே... யாரும் பேசாமல், களைப்பாக, வேகவேகமாக நடக்கிற சத்தம்.

அவள் கழுத்தைத் திருப்பினாள். ஜெயக்கொடி அவள் கன்னத்தில் கையை வைத்து முகத்தை முன்பக்கம் திருப்பினாள்.

"பாக்காத. நட."

ஏரிக்கரை தாண்டி முதல் தெரு வந்தது. பின்னால் வந்த சத்தத்தில் கொஞ்சம் அந்தத் தெருவுக்குள் திரும்பியது. அடுத்த சந்து. இன்னும் கொஞ்சம் பிரிந்து போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவரவர் வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி. ஒரு வீட்டு வாசலில் கட்டிப்போட்டிருந்த நாய் ஊளையிட்டது. எங்கோ ஒரு கேட் கிறீச்சிட்டது. மெயின் ரோட்டுக்கு வரும்போது மிச்சம் கொஞ்சம்தான். அங்கே பஸ், லாரி சத்தத்தில் அதுவும் மறைந்துவிட்டது.

ஆட்டோ கிடைத்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜெயக்கொடி மணிக்கட்டில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். கோகிலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இல்லாத ஒன்று அது.

"அண்ணி, நீங்க மட்டும் ஏறலன்னா..."

"சும்மா இரு."

பிறகு அவளே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எறங்குன்னு சொல்லிட்டேன்டி. எறங்கி எங்க போவாங்கன்னு யோசிக்கல."

தூங்குகிறது என்று நினைத்த குழந்தை அப்போது தலையைத் தூக்கியது.

"அம்மா, என்னை மடில வெச்சிருந்த ஆன்ட்டி நம்ம தெருவாம்."

"எந்த ஆன்ட்டி?"

"அந்த ஆன்ட்டிதான். அவங்க வீடும் அங்கதான் இருந்துச்சாம். ஓட்டு வீடாம்."

கோகிலா ஜெயக்கொடியைப் பார்த்தாள். மேற்குத் தாம்பரத்தில் கோகிலா குடியிருந்த அடுக்குமாடி எழும்புவதற்கு முன், அந்த மனையில் வரிசையாக ஓட்டு வீடுகள்தான் இருந்தன. அது ஜெயக்கொடிக்குத் தெரியும். கோகிலாவுக்கே தெரியாது. குழந்தைக்கு எப்படித் தெரியும்?

ஜெயக்கொடி தன் வீட்டில் இறங்கவில்லை. "நான் உங்க கூடவே வரேன்" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் யாரும் இல்லை. வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்ட் கீழேதான் நின்றது. கதவு திறந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். கோகிலா மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினாள்.

கதவு மூடவில்லை.

நேத்ரா அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்து, மூலையில் ஒண்டி நின்றது.

"தள்ளி நில்லும்மா. ஏறட்டும்."

லிஃப்ட் லேசாக ஒருமுறை அமிழ்ந்தது. ஒரு ஆள் உள்ளே கால் வைத்தால் அமிழுமே, அவ்வளவுதான். பிறகு இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. மேலே கம்பிவடம் முறுக்கிக்கொண்டு கிரீச்சென்றது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. கோகிலாவின் மார்பில் ஒரு முதுகு அழுத்தியது. அப்புறம்...

பீப். பீப். பீப்.

அதிக எடை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே நின்றது இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும்.

ஜெயக்கொடி கோகிலாவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, குழந்தையைக் கையில் அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். மூன்று பேரும் வெளியே வந்ததும் பீப் சத்தம் நின்றது. கதவு மெதுவாக மூடியது. லிஃப்ட் கிளம்பியது.

ஒன்று... இரண்டு...

மூன்றில் நின்றது. மேலே கதவு திறக்கிற சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. அதன் பின்னால் செருப்புகளைக் கழற்றுகிற சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக... நிறைய. பிறகு அவர்கள் வீட்டு காலிங் பெல்.

கோகிலா போனை எடுத்தாள். கதவைத் திறக்காதே என்று சொல்ல வேண்டும். அவள் கூப்பிடுவதற்குள் போன் அடித்துவிட்டது. மோகன்ராஜ்தான். யார் காதிலோ விழக் கூடாது என்பது மாதிரி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கோபமாக, கிசுகிசுப்பாகப் பேசினான்.

"கோகிலா, எங்க கீற நீ? இத்தன பேர கூட்டினு வரேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா? சீக்கிரம் மேல வா. வூடு ஃபுல்லா லேடீஸ்... உக்கார எடமில்லாம எல்லாரும் நின்னுகினு கீறாங்க."